நின்றே வேலை செய்பவர்களுக்கு வெரிகோஸ் வெயின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். ஜவுளி ஊர் ஆயிற்றே, என்னிடம் வருகிறவர்களில் கடை விற்பனையாளர்கள், தறிக்காரர்கள், பரோட்டா மாஸ்டர்கள், ஆசிரியைகள் என நின்றே பிழைப்பவர்கள் அதிகம். முதுகுவலி என்றுதான் வருவார்கள். படுக்க வைத்து, வேட்டியை முழங்கால் வரை ஏற்றிப் பார்த்தால், கெண்டைக்காலின் உட்புறத்தில் பச்சையும் நீலமுமாக மண்புழு நெளிந்து கிடப்பதுபோல் இருக்கும். இதுதான் வெரிகோஸ் வெயின், நம் ஊர்ப் பேச்சில் நரம்புச் சுருட்டல். "அது கிடக்கட்டும், முதுகைப் பாருங்கள்" என்பார்கள். கிடக்கவிடக் கூடாது என்பதால்தான் இந்தக் கேள்வி பதில். எல்லாமே என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை.

இது நரம்புத் தளர்ச்சியா? நரம்பு மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

நரம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தோலுக்கடியில் புடைத்துத் தெரியும் எதையும் நரம்பு என்று சொல்வது நம் வழக்கம். "நரம்பில் ஊசி போட்டார்கள்" என்கிறோமே, அந்த ஊசியும் நரம்பில் போடப்படுவதில்லை, சிரையில்தான் போடப்படுகிறது. சிரை என்பது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். நரம்புச் சுருட்டல் என்ற பெயரை நம்பி, நரம்புக்கு வலு சேர்க்கும் என்று வைட்டமின் மாத்திரையை மாதக் கணக்கில் விழுங்கிவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை தீர்ந்திருக்கும், சுருட்டல் அப்படியே இருக்கும்.

பார்க்க வேண்டியவர் ரத்தநாள அறுவைச் சிகிச்சை நிபுணர். அவர் அருகில் இல்லையென்றால் பொது அறுவைச் சிகிச்சை மருத்துவர்.

சிரை ஏன் சுருண்டுகொள்கிறது?

காலிலிருந்து இதயத்துக்குப் போகும் ரத்தம் மேட்டில் ஏற வேண்டிய தண்ணீர் மாதிரி. ஏறியது திரும்பி இறங்காமல் இருக்க, சிரைகளுக்குள் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. இத்தாலியின் பதுவா நகரில் ஃபாப்ரிசியஸ் என்ற உடற்கூறியல் பேராசிரியர் இவற்றை விவரித்து 1603-ல் ஒரு நூல் வெளியிட்டார். ஆனால் அவை எதற்காக இருக்கின்றன என்பதை அவர் சரியாகப் பிடிக்கவில்லை. அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி 1628-ல் பிடித்தார்.

ஹார்வி செய்து காட்டியதை நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம். ஒரு கையைத் தொங்கவிடுங்கள். முன்கையில் சிரை புடைத்ததும், மணிக்கட்டுக்குச் சற்று மேலே அதை ஒரு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கையை நோக்கி அதே சிரையை நீவிவிட்டு, நீவிய விரலை எடுங்கள். மேலே போன ரத்தம் ஒரு வால்வு வரைதான் திரும்பி வரும். அதற்குக் கீழே சிரை காலியாகவே கிடக்கும். அழுத்திய விரலை எடுத்த கணம் கீழிருந்து நிரம்பும். சுருண்ட சிரையில் இந்த வால்வுகள்தான் கெட்டிருக்கும். ரத்தம் கீழே வழியும், தேங்கும், குழாய் அகன்று நீண்டு வளையும்.

வால்வு மட்டும் இருந்தால் போதாது, தள்ளிவிட ஒரு பம்பு வேண்டும். அந்த பம்பு கெண்டைச்சதை. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம். நாலைந்து அடி எடுத்து வைத்தால் அதுவே 30-க்கு அருகில் இறங்கிவிடும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களிலிருந்து பிறந்தவை. யாராவது ஒரு யோசனை சொன்னால், இதில் கெண்டைச்சதை அசைகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிற்பதால் மட்டும்தான் வருகிறதா? என் அப்பாவுக்கும் இருந்தது.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்திருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு கூடுதல். இருவருக்கும் இருந்திருந்தால் இன்னும் கூடுதல். வயது, கர்ப்பம், உடல் பருமன், முன்பு காலில் ரத்தம் உறைந்திருப்பது ஆகியவையும் பட்டியலில் உண்டு. நிற்கும் வேலை இவற்றின் மேல் ஏறி உட்காருகிறது. டென்மார்க்கில் தொழிலாளர்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வில், வேலை செய்யும் வயதினரிடம் இந்தக் கோளாறில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீண்ட நேரம் நிற்கும் வேலையோடு தொடர்புடையதாகத் தெரிந்தது.

இது பெண்களின் நோய் என்பதும் அரைகுறைச் செய்தி. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 18 முதல் 64 வயது வரையுள்ள 1,566 பேரின் கால்களைப் பரிசோதித்தார்கள். ஆண்களில் சுமார் 40 சதவீதம், பெண்களில் சுமார் 32 சதவீதம் பேருக்குச் சிரைகள் சுருண்டிருந்தன. மருத்துவரிடம் அதிகம் போகிறவர்கள் பெண்கள். ஆண்கள் வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அப்படியானால் பழக்கத்தால் தடுக்க முடியுமா, முடியாதா?

முழுக்கத் தடுக்கலாம் என்று யாராவது உறுதி கொடுத்தால், அவரிடம் விற்க ஏதோ சரக்கு இருக்கிறது. பெற்றோரிடமிருந்து வந்த வால்வை மாற்ற முடியாது. கெட்டுப்போன வால்வு உடற்பயிற்சியால் திருந்தியதும் கிடையாது. பழக்கத்தால் செய்யக்கூடியது வேறு: மாலையில் வரும் கனம், வீக்கம், இரவுக் குடைச்சல் ஆகியவற்றைக் குறைக்கலாம். மோசமாகும் வேகத்தைத் தணிக்க முயலலாம். ஏற்கெனவே சுருட்டல் இருப்பவர், அது கறுத்துப் புண்ணாகும் நிலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். முப்பது வருடம் நிற்க வேண்டியவருக்கு இதுவே பெரிய சம்பாத்தியம்.

நான் ஜவுளிக் கடையில் காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை நிற்கிறேன். நின்ற இடத்திலேயே என்ன செய்யலாம்?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். நிற்பது வேறு, அசையாமல் நிற்பது வேறு. தபால்காரரும் நாள் முழுக்கக் காலில்தான் இருக்கிறார். ஆனால் அவருடைய பம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. கவுண்டருக்குப் பின்னால் இரண்டடி இடத்தில் நிற்கிற உங்களுக்குத்தான் ஆபத்து.

குதிகால் உயர்த்துவதில் தொடங்குங்கள். கவுண்டரை லேசாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு குதிகால்களையும் தரையிலிருந்து எழுப்பி முன்பாதத்தில் நில்லுங்கள். இரண்டு எண்ணும் வரை மேலே, பிறகு மெதுவாகக் கீழே. தொப்பென்று விடக் கூடாது. இறக்கும்போது கெண்டைச்சதை இழுபடுவதை உணர வேண்டும். பதினைந்து முறை. அரை மணிக்கு ஒரு தடவை. ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது, கவுண்டருக்கு மறுபக்கம் இருப்பவருக்குத் தெரியவும் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும் கடையாக இருந்தால் இன்னும் வசதி.

என்னிடம் வரும் ஒரு சேலைப் பிரிவு ஊழியர் இதை வேலைக்குள்ளேயே நுழைத்துவிட்டார். மேல் அடுக்கிலிருந்து சேலை எடுக்க அவருக்கு ஒரு கோல் கொடுத்திருந்தார்கள். அதை மூலையில் சாத்திவிட்டு, எட்டும் உயரத்தில் இருப்பதையெல்லாம் எக்கி எக்கித்தான் எடுக்கிறார். கல்யாணக் கூட்டம் வந்தால் ஒரு குடும்பத்துக்கு எழுபது சேலையாவது பிரித்துக் காட்ட வேண்டியிருக்கும். எழுபது தடவை எக்கினால் அதுவே பயிற்சி.

இரண்டாவது, காலுக்கு ஒரு சிறு மேடை. ஒரு செங்கலோ, ஆறு அங்குல உயரப் பலகையோ போதும். ஒரு பாதத்தை அதன்மேல் வைத்து நின்று, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை காலை மாற்றுங்கள். இதில் முதுகுக்கும் பங்கு உண்டு. காலை மாற்றும் சாக்கில் சதையும் அசைந்துவிடுகிறது.

மூன்றாவது, தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். தளத்தின் மறுகோடியில் வையுங்கள். தாகம் எடுத்தால் நடந்தே ஆக வேண்டும்.

எங்கள் கடையில் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் திட்டுவார். என்ன செய்வது?

அவர் திட்டுவது சட்டத்துக்கு எதிரானது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ல் 2021-ம் ஆண்டு திருத்தம் கொண்டுவந்து 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்கிறது அது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2018-ல், கேரளம் இதைச் செய்துவிட்டது. அங்கே அது தானாக வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள், விஜி என்ற தையல்காரரின் தலைமையில் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்றது.

இதில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. பழைய ஜவுளிக் கடைகளில் வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் விற்பவரும் உட்கார்ந்திருப்பார், வாங்குபவரும் உட்கார்ந்திருப்பார். சேலை நடுவில் விரியும். கண்ணாடி கவுண்டரும் ஏசியும் வந்தபோது வாங்குபவருக்கு நாற்காலி கிடைத்தது. விற்பவருக்கு நிற்கும் உத்தியோகம் கிடைத்தது. சட்டம் வந்த பிறகும், பல கடைகளில் ஸ்டூல் கவுண்டருக்கு அடியில் இருக்கிறது, உட்காரும் தைரியம்தான் இல்லை. ஒருவர் தனியாகக் கேட்பதைவிட, பத்துப் பேர் சேர்ந்து மேலாளரிடம் பேசுவது நல்லது. அப்போதும் நடக்கவில்லையென்றால் தொழிலாளர் துறை இருக்கிறது.

உட்காரக் கிடைத்தால் அந்த நேரத்திலும் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கள்.

நான் நாள் முழுக்க உட்கார்ந்துதான் வேலை செய்கிறேன். எனக்கு வராதுதானே?

அப்படி நிம்மதி அடைய வேண்டாம். காலைத் தொங்கவிட்டு அசையாமல் உட்கார்ந்தாலும் பம்பு நின்றுதான் போகிறது. கணினி முன் இருப்பவர், லாரி ஓட்டுநர், டிக்கெட் கவுண்டரில் இருப்பவர் எல்லோருக்கும் இது பொருந்தும். மணிக்கொரு முறை எழுந்து இரண்டு நிமிடம் நடங்கள். இரவு பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது, முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது, குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவது என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

தையல்காரர்களைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும் ஒன்று: மிதித்துத் தைக்கும் பழைய இயந்திரத்தில் கணுக்கால் இடைவிடாமல் ஆடிக்கொண்டிருந்தது. மோட்டார் வைத்தார்கள், கால் ஓய்ந்துவிட்டது.

கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால் வருமாமே?

அதற்கு ஆதாரம் இல்லை. பெரியவர்கள் முன் போடாதே என்று சொன்னது மரியாதைக்காக; அதைச் சிரையின் கணக்கில் எழுத வேண்டாம். சம்மணம் போடுவதும் குந்தி உட்காருவதும் அப்படியே. எந்த நிலையானாலும் ஒரு மணி நேரம் அதே நிலையில் இருக்காதீர்கள்.

இரவில் காலுக்குத் தலையணை வைத்துப் படுக்கிறேன். சரியா?

நோக்கம் சரி, முறை பாதிதான் சரி. குதிகாலுக்கு அடியில் மட்டும் தலையணை வைத்தால் முழங்கால் பின்னோக்கி வளைந்து வலிக்கும். நடு ராத்திரியில் தலையணை உருண்டும் போய்விடும். அதைவிட, கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இரண்டு கால்களுக்கும் கீழே செங்கல் கொடுத்து அரையடி உயர்த்துங்கள். உடம்பு முழுவதும் ஒரே சரிவாக இருக்கும், முட்டி வளையாது. இரவு முழுக்க ரத்தம் தானாக இறங்கி இதயத்துக்குப் போகும். செலவு சில செங்கல்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் பதினைந்து நிமிடம் தரையில் படுத்துக் கால்களைச் சுவரில் சாய்த்து வையுங்கள். யோகாசனம் கற்றவர்கள் விபரீதகரணி என்பார்கள். பாதம் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும். டீப்பாய்மேல் காலை நீட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்பது இதற்கு ஈடாகாது. இதயம் பலவீனமானவர்கள், படுத்தால் மூச்சு வாங்குகிறவர்கள், நடந்தால் கெண்டைக்கால் இழுத்து வலித்து நின்றால் சரியாகிறவர்கள் இந்த இரண்டையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

அழுத்தக் காலுறை போட்டால் வராமல் தடுக்குமா? எதை வாங்குவது?

சுருட்டலே வராமல் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கனத்தையும் வீக்கத்தையும் குறைக்கும் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். நின்றுதான் ஆக வேண்டும் என்பவருக்கு நல்ல துணை. ஆனால் இதைப் போலத் தப்பாக வாங்கப்படும், தப்பாகப் போடப்படும் பொருள் வேறில்லை.

முதல் தப்பு, வேறு எதையோ வாங்குவது. மருந்துக் கடையில் கிடைக்கும் முழங்கால் பட்டையையும் கெண்டைக்கால் உறையையும் வாங்கி மாட்டிக்கொண்டு வருகிறார்கள். சரியான காலுறை பாதத்திலிருந்து தொடங்கும். கணுக்காலில் அழுத்தம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. முழங்காலில் மட்டும் இறுக்குகிற பட்டை கீழே உள்ள ரத்தத்தை ஏறவிடாமல் நிறுத்தும். நாம் விரும்புவதற்கு நேரெதிர்.

இரண்டாவது, மாலையில் போய் அளவு கொடுப்பது. அப்போது கால் வீங்கியிருக்கும். காலையில் எழுந்த உடனே அளக்க வேண்டும். கணுக்காலுக்கு மேல் மிக ஒடுங்கிய இடத்தின் சுற்றளவு, கெண்டைக்காலின் மிகத் தடித்த இடத்தின் சுற்றளவு, தரையிலிருந்து முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே வரை உயரம். மூன்றையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். பெரும்பாலானவர்களுக்கு முழங்கால் வரையிலானதே போதும். ஈரோட்டு மே மாதத்தில் தொடை வரை போடுகிறவர்கள் மூன்றாம் நாள் அதை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். விரல் திறந்த வகை கொஞ்சம் காற்றோட்டம் தரும்.

போடும் முறை: காலுறைக்குள் கையை விட்டுக் குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரை உள்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். பாதத்தில் கொஞ்சம் பவுடர். முதலில் பாதத்தையும் குதிகாலையும் சரியான இடத்தில் பொருத்திவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே நீவுங்கள். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு நீவினால் நழுவாது, நகமும் கிழிக்காது. மேலே மிச்சம் இருந்தால் மடித்துவிடக் கூடாது. மடித்த இடம் கயிறு கட்டியது மாதிரி ஆகிவிடும். காலையில் போட்டு, இரவு படுக்கும்போது கழற்றுங்கள். கையால் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். ஆறு மாதத்தில் அதன் இழுவை போய்விடும். சுலபமாகப் போட வருகிறது என்று மகிழ்ந்தால் புதியது வாங்கும் நேரம் வந்துவிட்டது.

சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் நேராகக் கடைக்குப் போகாதீர்கள். அவர்களுக்குக் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியே அடைத்திருக்கலாம். அந்தக் காலை இறுக்கினால் புண்ணும் அழுகலும்தான் மிஞ்சும். பாதத்தின் நாடியை மருத்துவர் பார்த்த பிறகே காலுறை.

நான் குடும்பத் தலைவி. கடையிலும் இல்லை, ஆபீஸிலும் இல்லை. எனக்கு ஏன் வந்தது?

அடுப்படியில் நிற்கும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. காலை 5 மணிக்குப் பால் காய்ச்சுவதில் தொடங்கி, மூன்று டிபன் டப்பா கட்டி முடிக்கும் வரை எத்தனை மணி நேரம் என்று ஒரு நாள் கடிகாரத்தைப் பாருங்கள். தோசை வார்ப்பது அதில் உச்சம்: நகரவும் முடியாது, உட்காரவும் முடியாது. ஒரு தோசை வேகும் நேரம் குதிகாலைப் பத்து முறை தூக்கப் போதுமானது. காய் நறுக்குவது, வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது எல்லாம் உட்கார்ந்தே நடக்கலாம். நின்று நறுக்கும் மேடை நவீனம்தான். அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்த பாட்டிக்கு அந்த நேரமாவது கால் ஓய்ந்தது.

கர்ப்பத்தில் வந்தது. பிரசவத்துக்குப் பிறகு போய்விடுமா?

பலருக்குச் சில மாதங்களில் பெரிதும் அடங்கிவிடுகிறது. கர்ப்பத்தில் உடலின் ரத்த அளவே ஏறத்தாழப் பாதி கூடுகிறது; ஹார்மோன்கள் சிரைச் சுவரைத் தளர்த்துகின்றன; வளரும் கருப்பை வயிற்றிலுள்ள பெரிய சிரையை அழுத்துகிறது. மூன்றும் சேர்ந்தால் கால் என்ன செய்யும்? இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது, நடப்பது, மருத்துவர் சொன்னால் காலுறை போடுவது ஆகியவை போதும். பிரசவம் ஆகும் வரை, கெட்ட சிரையை அடைக்கும் லேசர், ஊசி என்று யாரும் பொதுவாகப் போவதில்லை. அடுத்தடுத்த கர்ப்பங்களில் கூடுதலாகும் வாய்ப்பு உண்டு. பிரசவமான வீட்டில், பச்சை உடம்பு என்று பல நாள் எழுந்திருக்கவே விடாமல் வைத்திருப்பதை மட்டும் நான் எதிர்க்கிறேன். அந்த வாரங்களில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம். வீட்டுக்குள்ளாவது நடக்க வேண்டும்.

சாப்பாட்டில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

சிரையைச் சுருங்கச் செய்யும் கீரையோ கஷாயமோ எனக்குத் தெரிந்து கிடையாது. எடை குறைந்தால் பலன் உண்டு. உப்பு குறைந்தால் வீக்கம் குறையும். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இருக்கும் வீட்டில் இதைச் சொல்வது எளிது.

மலச்சிக்கலைப் பற்றி ஒரு கதை உண்டு. ஆப்பிரிக்காவில் உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர், அங்கே நார்ச்சத்து நிறைய உண்ணும் கிராமத்தாரிடம் வெரிகோஸ் வெயின் அரிதாக இருப்பதைக் கவனித்து, முக்கி முக்கி மலம் கழிப்பதே காரணமாக இருக்கலாம் என்று 1972-ல் எழுதினார். அது நிரூபணமாகவில்லை. ஆனாலும் கம்பு, கேழ்வரகு, அவரை, வாழைத்தண்டு சாப்பிட்டு மலச்சிக்கல் நீங்கினால் யாருக்கு நட்டம்?

எண்ணெய் தேய்த்து உருவிவிடலாமா?

அலுத்துப்போன காலை, பாதத்திலிருந்து மேல்நோக்கி, உள்ளங்கையால் மென்மையாக நீவலாம். இதமாக இருக்கும்; அவ்வளவுதான். புடைத்த சிரையைக் கட்டை விரலால் அழுத்தி "முடிச்சை எடுக்கிறேன்" என்பவரிடம் காலைக் கொடுக்காதீர்கள். அந்தச் சிரை கெட்டியாக, சிவந்து, தொட்டால் வலிக்கிறது என்றால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தேய்க்கவே கூடாது. வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், சூட்டில் சிரை இன்னும் விரியும். குளிக்கும்போது கடைசியாக முழங்காலுக்குக் கீழே நாலு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள்.

இரண்டு காலும் மாலையில் வீங்குகிறது. சிரைதான் காரணமா?

அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் இதயம், சிறுநீரகம், தைராய்டு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையாலேயே கணுக்கால் வீங்கலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கொடுத்தவரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார்.

எப்போது தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

கணுக்காலின் உட்புறத்துக்குச் சற்று மேலே பாருங்கள். அங்கே தோல் கறுத்தோ பழுப்பேறியோ இருந்தால், தேங்கிய ரத்தத்தின் இரும்புச் சத்து கசிந்து படிந்திருக்கிறது என்று பொருள். அரிக்கும். படர்தாமரை என்று நினைத்துக் களிம்பு தடவுவார்கள், சொறிவார்கள். சொறிந்த இடம் புண்ணாகி மாதக் கணக்கில் ஆறாது. கறுப்பு தெரிந்த அன்றே ரத்தநாள மருத்துவரைப் பார்த்து, சிரையில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டைச்சதை வலித்தால், சதைக்கு உள்ளே இருக்கும் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் 108.

புடைத்த இடத்திலிருந்து ரத்தம் பீறிட்டால்?

இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். குளியலறையில் கால் இடித்தோ, சொறிந்தோ, மெலிந்த தோல் கிழிந்து ரத்தம் பீய்ச்சி அடிக்கும். வலி இருக்காது, அதனால்தான் ஆபத்து. பயந்துபோய் நாற்காலியில் உட்காருவார்கள், துடைப்பார்கள், ஆட்டோவைத் தேடி நடப்பார்கள். கால் தொங்கும் வரை ரத்தம் நிற்காது. உடனே தரையில் படுத்துக் காலை நெஞ்சுக்கு மேல் உயர்த்த வேண்டும். சுத்தமான துணியை மடித்து அந்த இடத்திலேயே அழுத்தி, எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் பிடிக்க வேண்டும். தொடையில் கயிறு கட்டாதீர்கள். நின்ற பிறகும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

லேசரில் சிரையை அடைத்துவிட்டால் ரத்தம் எந்த வழியாகப் போகும்?

காலின் ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு சதைக்கு உள்ளே இருக்கும் ஆழ்சிரைகள் வழியாகத்தான் எப்போதும் போகிறது. அடைக்கப்படுவது தோலுக்கடியில் உள்ள கெட்ட குழாய். ரத்தம் நல்ல வழிக்குத் திரும்பிவிடும். ஆனால் வேறு சிரைகள் பின்னாளில் கெடக்கூடும். லேசர் முடிந்த மறுவாரமே கவுண்டருக்குப் பின்னால் சிலைபோல் நிற்கப் போனால் அவற்றுக்கும் அதே கதிதான்.

அரை மணிக்கு ஒரு முறை என்கிறீர்கள். வேலை மும்முரத்தில் மறந்துவிடுகிறதே?

கடிகாரத்தை நம்பினால் மறக்கும். ஏற்கெனவே நடக்கிற ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். பில் போடுபவர், அட்டை இயந்திரத்திலிருந்து ரசீது வெளியே வரும் வரை குதிகாலைத் தூக்கி இறக்கலாம். ஆசிரியை கரும்பலகையின் மேல் வரியை எக்கி எழுதலாம். கால் சுருட்டலோடு வந்த ஒரு பரோட்டா மாஸ்டரிடம் இதைச் சொன்னபோது, "மாவு வீசும்போது என்னால் எண்ண முடியாது" என்றார். பிறகு அவராகவே வழி கண்டுபிடித்தார். கல்லில் பரோட்டாவைத் திருப்பிப் போடும் ஒவ்வொரு முறையும் ஒரு குதிகால். ஞாயிற்றுக்கிழமை இரவு எத்தனை என்று கேட்டேன். கல்லாவில் போய்க் கேட்கச் சொன்னார்.